பட்டாணிப் பைக்குக் கீழே இரண்டு மூடிகள்

ஜூலை மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, காலை ஆறரை மணி. லவோன் சமையலறை ஃப்ரீசரைத் திறந்து, காகிதக் கைக்குட்டையில் சுற்றிய இரண்டு ஜாடி மூடிகளைப் பட்டாணிப் பைக்குக் கீழே செருகினாள். செருகிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அறுபத்தேழு வயதில், சொந்த வீட்டில், சொந்த ஃப்ரீசர் முன்னால் நின்று திருட்டு முழி முழிக்க வேண்டியிருந்தது அவளுக்கே சிரிப்பாக இருந்தது.

ஆனால் சிரிக்கிற விஷயமில்லை அது.

இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சனிக்கிழமையில் அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் குடும்பம் முழுக்கக் கூடி விளையாடுவது வழக்கம். ஏற்பாடு எல்லாம் லவோன்தான். சாக்கு ஓட்டம், கரண்டியில் முட்டை, தண்ணீர் பலூன், கடைசியில் கயிறிழுப்பு. விதிகளை ஓர் அட்டையில் எழுதி, மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் ஒட்டி, கொட்டகைக் கதவில் ஆணியடித்து வைத்திருந்தாள். மொத்தம் பதினேழு விதிகள். அவற்றில் பாதி, அவள் கணவர் ஓரின் ஏதாவது ஒரு வருஷம் செய்த தில்லுமுல்லுக்குப் பிறகு சேர்க்கப்பட்டவை.

எல்லாவற்றிலும் பெரியது, இருவர் காலைச் சேர்த்துக் கட்டி ஓடும் மூன்றுகால் ஓட்டம். யார் யாரோடு என்பதைச் சீட்டுப்போட்டு எடுப்பார்கள். சீட்டு என்றால் காகிதம் இல்லை. லவோனின் அம்மா ஊறுகாய் ஜாடிகளுக்குப் போட்ட பழைய துத்தநாக மூடிகள், நல்ல கனம். உள்பக்கத்தில் ஒட்டுநாடா ஒட்டிப் பெயர் எழுதி, எல்லாவற்றையும் ஒரு காப்பி டப்பாவில் போட்டுக் குலுக்குவார்கள். இதில் ஒன்பதாவது விதி முக்கியம்: ஓடி முடித்ததும் கட்டை அவிழ்க்கக் கூடாது. காலோடு கால் கட்டியபடியே வரிசையில் நின்று, தட்டில் சாப்பாடு வாங்கி, இருவரும் உட்கார்ந்த பிறகுதான் அவிழ்க்கலாம். கூச்சப்பட்ட மருமகன்களும், ஒருவரையொருவர் பிடிக்காத சம்பந்திகளும் அந்த வரிசையில்தான் வழிக்கு வந்திருக்கிறார்கள்.

இந்த வருஷம் வழிக்கு வர வேண்டியவர்கள் அவளுடைய இரண்டு பெண்கள்.

போன வருஷம் கயிறிழுப்பில் பெரியவள் ஜனெல் ஒரு பக்கம். சின்னவள் பிரிட்டாவும் அவள் கணவன் வெண்டலும் எதிர்ப்பக்கம். வெண்டல் ஆறடி நாலங்குலம். கயிற்றின் கடைசி ஆள் எப்போதும் அவன்தான். இழுபறி உச்சத்துக்குப் போன நேரத்தில் ஜனெல் தன் பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணடித்தாள். எல்லாரும் ஒரே சமயத்தில் கயிற்றை விட்டார்கள். வெண்டல் மல்லாக்க விழுந்தான், ஊன்றிய வலது கை மணிக்கட்டில் முறிந்தது. வீட்டில் அறுபது கறவை மாடுகள், வெட்டக் காத்திருந்த இரண்டாம் போகத்துத் தீவனப்புல். ஐந்து வாரம் பிரிட்டாதான் காலையும் மாலையும் கறந்தாள். ஜனெல் மாடிசன் நகரத்தில் இருந்த தன் பியூட்டி பார்லரிலிருந்து ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினாள்: ‘அடுத்த தடவ தலகாணியோட வா.’ அவள் வேடிக்கைக்குத்தான் எழுதினாள். பிரிட்டா அதை நான்காகக் கிழித்தாள். அன்றிலிருந்து அக்காவும் தங்கையும் பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒருத்தி இருபத்து நாலாம் தேதி வந்தாள், இன்னொருத்தி இருபத்தாறாம் தேதி.

போன மாதம் பிரிட்டா போனில் நிதானமாகச் சொன்னாள். “இந்த வருஷம் உனக்காக வரேம்மா. அடுத்த ஜூலைலேர்ந்து இந்த நாளுக்கு நாங்க அயோவால வெண்டலோட அப்பா அம்மா வீட்டுக்குப் போயிடறோம். அங்கயாவது யாரும் யாரையும் தள்ளி விடமாட்டாங்க.”

லவோன் சரி என்றாள். போனை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் விதி அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கயிற்றைக் கொட்டகையில் உருளைக்கிழங்குச் சாக்குகளுக்கு அடியில் ஒளித்தாள். பிறகு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஏமாற்றுவது என்று முடிவு செய்தாள்.

எதையும் முறையாகச் செய்கிறவள் என்பதால் ஏமாற்றையும் முறையாகவே செய்தாள். வியாழக்கிழமையே ஒத்திகை பார்த்தாள். ஃப்ரீசரில் கிடந்த மூடியை எடுத்து டப்பாவில் மற்ற மூடிகளோடு போட்டால், சுவர்க் கடிகாரத்தின்படி மூன்று நிமிஷம் வரை கைக்குத் தனியாகத் தெரிந்தது. சமையலறையிலிருந்து கொல்லைப்புறத்து மேப்பிள் மரத்தடிக்கு நாற்பது தப்படி. போதும். கண்ணை மூடிக்கொண்டு, ஜில்லென்று இருக்கிற இரண்டையும் எடுத்தால் ஜனெல், பிரிட்டா.

பதினோரு மணிக்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஜனெல் கார்க்கதவைத் திறக்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினாள். பிரிட்டா பின்வாசல் வழியாக ஐஸ்கிரீம் வாளியோடு நேரே சமையலறைக்குள் போனாள். ஐஸ்கிரீமை வைக்க இவ்வளவு நேரமா என்று லவோனுக்கு ஒரு கணம் தோன்றியது. அதற்குள் பேத்தி மேரன் பலூனில் தண்ணீர் நிரப்பக் குழாய் வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்தாள். மேரன் பிரிட்டாவின் மகள், எட்டு வயது.

காலை ஆட்டங்கள் நன்றாகத்தான் நடந்தன, ஒன்றைத் தவிர. ஜனெல் புல்தரையின் இந்தப் பக்கம் என்றால் பிரிட்டா அந்தப் பக்கம். இருவருக்கும் நடுவே எப்போதும் முப்பதடிப் புல். சாக்கு ஓட்டத்தில் ஓரின் குறுக்கு வழியில் துள்ளிப் பிடிபட்டார்.

“நாலாவது விதி!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

“நான் வழி தவறிட்டேன்பா! சாக்குக்குள்ள இருந்தா திசை தெரியுமா?”

“சாக்கு இடுப்பு வரைக்கும்தான் ஓரின்,” என்றாள் லவோன். “கண்ணு வெளியதான இருக்கு?”

“கோச் சொன்னா சரி,” என்று அவர் முதலிலிருந்து துள்ளப் போனார்.

வெண்டல் எதிலும் சேரவில்லை. மரத்தில் சாய்ந்து நின்று எலுமிச்சைச் சாற்றை இடது கையால் குடித்துக்கொண்டிருந்தான். கேட்டால், “மூணுகால் ஓட்டத்துக்கு வரேன், லவோன். அதுல மூடி இருக்கே, தப்பிக்க முடியாது,” என்று சிரித்தான்.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது லவோன் உள்ளே போனாள். பட்டாணிப் பைக்குக் கீழே கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்துப் பெயரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்த அதே நேரம் பின்வாசலில் ஓரின் தலை தெரிந்தது.

“கோச், ஜனங்க பசியில இருக்காங்க. சாசேஜ் கருகுது.”

“இதோ வந்துட்டேன்!” கைக்குட்டையை அப்படியே டப்பாவுக்குள் உதறினாள். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்பது தப்படியை முப்பதாகக் குறைத்து நடந்தாள்.

ஓரின் டப்பாவைப் பிடித்துக்கொண்டார். லவோன் கண்ணை மூடிக் கையை விட்டாள். சாதா மூடி, சாதா மூடி, சாதா மூடி. அடியில் ஒன்று ஜில்லென்று விரலைக் கடித்தது. எடுத்தாள்.

“பாட்டி, அது ஏன் ஈரமா இருக்கு?” என்றாள் மேரன்.

“வெயில்ல கை வேர்க்குது, கண்ணு,” என்றாள் பாட்டி. மூடியைத் திருப்பினாள். “ஜனெல்!”

ஜனெல் இரண்டு கையையும் தூக்கி, பந்தயம் ஜெயித்தவள் மாதிரி ஒரு சுற்று சுற்றினாள். லவோன் மறுபடி கையை விட்டாள். இரண்டாவது குளிர்ச்சி உடனே அகப்பட்டது. வெளியே எடுத்து, பார்க்கும் முன்பே வாயைத் திறந்துவிட்டாள். “பிரி...”

மூடியில் இருந்த பெயர் வெண்டல்.

எழுத்து அவளுடையதுதான். ஒட்டுநாடா அவள் ஒட்டியதுதான். ஆனால் அவள் ஃப்ரீசரில் வைத்த மூடி அது இல்லை. வெயில், பசித்த முகங்கள், ஓரினின் கையில் டப்பா. எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பிரி என்ன?” என்றார் ஓரின்.

“பிரிச்சுப் படிக்கக் கண்ணாடி வேணும்,” என்றாள் லவோன். “வெண்டல்.”

போட்டுவிட்டு வேறு எடுக்கலாமா என்று அவள் விரல்கள் டப்பாப் பக்கம் போயின.

“பதினோராவது விதி!” ஜனெலின் மகன் கிப் கத்தினான். “எடுத்த மூடி எடுத்ததுதான்! திரும்பப் போடக் கூடாது!”

அந்த விதியை எழுதியவளும் அவள்தான். லவோன் முப்பதடிக்கு அப்பால் நின்ற பிரிட்டாவைப் பார்த்தாள். பிரிட்டா கையைக் கட்டிக்கொண்டு மேப்பிள் மரத்து உச்சியில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

மற்ற மூடிகளும் வெளியே வந்தன. பிரிட்டாவுக்கு ஜோடியாக அவள் அப்பா ஓரினே அமைந்தார். லவோன் பழைய படுக்கைவிரிப்பைக் கிழித்த நாடாக்களோடு ஒவ்வொரு ஜோடியாகக் கட்டிக்கொண்டு வந்தாள். ஜனெல் ஐந்தடி. வெண்டலின் மார்பு வரைக்கும்தான் அவள் தலை எட்டியது. லவோன் முடிச்சைத் தளர்வாகவே போட்டாள்.

“நல்லா இறுக்கிக் கட்டு லவோன்,” என்றான் வெண்டல். “விழுந்தா ரெண்டு பேரும் சேந்து விழணும்ல.”

ஜனெல் சிரிக்க வாயெடுத்து, சிரிக்கலாமா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள்.

விசில் ஊதியதும் கிப்பும் மேரனும் முயல்கள் மாதிரி பறந்தார்கள். ஓரினும் பிரிட்டாவும் யார் கால் முதலில் என்று சண்டை போட்டுக்கொண்டு தடுமாறினார்கள். எல்லாருக்கும் பின்னால் ஜனெலும் வெண்டலும். வெண்டல் ஓர் அடி வைத்தால் ஜனெல் ஒன்றரை அடி தாவ வேண்டியிருந்தது.

“சின்னதா வை! நீ என்ன வயல அளக்கறியா?”

“இதுதான் சின்னது.”

“இதவிடச் சின்னதா!”

“அப்ப நிக்கத்தான் வேணும்.”

“கட்டின கால், கட்டாத கால்னு சொல்லிக்கிட்டே வா. நானும் சொல்றேன்.”

இருவரும் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கட்டின கால், கட்டாத கால். பாதி தூரத்தில் ஜனெல் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். வெண்டல் இடது கையால் அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினான். வலது கை அசையவே இல்லை. மற்றவர்கள் சாப்பாட்டு வரிசைக்கே போய்விட்ட பிறகுதான் அவர்கள் கோட்டைத் தாண்டினார்கள். ஆக, வரிசையிலும் கடைசி. அவர்களுக்கு முன்னால் ஓரினும் பிரிட்டாவும்.

லவோன் மேஜைக்குப் பின்னால் உருளைக்கிழங்கு சாலட் பரிமாறிக்கொண்டிருந்தாள். அதனால் எல்லாம் அவள் கண் முன்னாலேயே நடந்தது.

ஜனெல் இரண்டு காகிதத் தட்டுகளை எடுத்து ஒன்றை வெண்டலிடம் நீட்டினாள். அவன் வலது கையால் விளிம்பைப் பற்றினான். சோளக்கதிரும் சாசேஜும் ஏறியதும் தட்டு வளைந்தது. காகிதத் தட்டுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுக்க வேண்டும். அவன் கொடுக்கவில்லை. தட்டை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு, இடது கையால் கரண்டியை எடுத்தான்.

“கைய அடியில குடு. மடங்குது பாரு,” என்றாள் ஜனெல்.

“அது அவ்வளவுதான் திரும்பும்.”

“எவ்வளவு?”

வெண்டல் காட்டினான். கை பக்கவாட்டில் பாதி வரை வந்து, பூட்டுப் போட்டது போல நின்றது. உள்ளங்கை வானத்தைப் பார்க்கவில்லை.

“ஒரு வருஷமாவா?” ஜனெலின் குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

“டாக்டர் இதுக்கு மேல வராதுன்னுட்டார். பரவால்ல, மாடுங்க தட்டு ஏந்தச் சொல்றதில்ல. சர்ச்சுல சாப்பாடு போடும்போது மட்டும் கொஞ்சம் கஷ்டம்.”

ஜனெல் தன் தட்டைக் கீழே வைத்தாள். வெண்டலின் தட்டை எடுத்துத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். சாலட் கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

“நான் வேணும்னுதான் விட்டேன், வெண்டல். பிள்ளைங்களுக்குக் கண்ணடிச்சதும் நான்தான். கை சரியாப் போயிருக்கும்னு நெனச்சேன். நெனச்சேன்னு கூட இல்ல, நெனைக்காம இருந்துட்டேன். மன்னிச்சிடு.”

முன்னால் நின்ற பிரிட்டாவின் முதுகு விறைத்தது.

வெண்டல் காதுமடலைச் சொறிந்தான். “வேணும்னு விட்டன்னு எனக்குத் தெரியும். நானும் அதான் பண்ண இருந்தேன்.”

“எத?”

“கயித்த விடலாம்னுதான் இருந்தேன். மனசுக்குள்ள மூணு எண்ணிட்டு விட்டா உங்க கூட்டமே போய்க் கோழிக்கூண்டுல விழும்னு கணக்கு. ரெண்டு வரைக்கும் எண்ணிட்டேன். நீ முந்திட்ட.”

பிரிட்டா சட்டென்று திரும்பினாள். காலில் கட்டியிருந்த ஓரினும் சேர்ந்து திரும்பி, கேரட் ஜெல்லியில் முழங்கையை ஊன்றினார்.

“என்ன சொன்ன?”

“ரெண்டு வரைக்கும் எண்ணினேன்னு...”

“ஒரு வருஷம், வெண்டல்! ஒரு வருஷமா நான் இவகிட்டப் பேசல!”

“மொதல்ல வலி,” என்றான் அவன். “அப்புறம் நீ எனக்காகக் கோவிச்சுக்கிட்டது நல்லா இருந்துச்சு. அப்புறம் சொல்ல நாளாயிடுச்சு. நாளானா எப்படிச் சொல்றது?”

ஓரின் சிரிப்பை அடக்க முயன்று தும்மினார். பிரிட்டா அவரைக் கவனிக்கவில்லை. அவள் அக்காவைப் பார்த்தாள், ஒரு வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேராக.

“அவன் எண்ணினது அவன் பாடு. அஞ்சு வாரம் விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்திருச்சு நான் தனியா கறந்தேன். நீ ஒரு நாளு வந்து எட்டிப் பாத்தியா? தலகாணி கொண்டாங்கற.”

“வரணும்னுதான் இருந்தேன்,” என்றாள் ஜனெல். “அட்டைய நீ கிழிச்சுட்டன்னு அம்மா சொன்னாங்க. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? பாதி வழி வரைக்கும் ஒரு நாள் கார்ல வந்தேன். பெட்ரோல் பங்குல ஒரு காப்பி குடிச்சுட்டுத் திரும்பிப் போயிட்டேன்.”

“எந்த பங்கு?”

“உங்க ஊரு முக்குல இருக்குதே, சீஸ் விக்கிற கடையோட சேந்தது.”

“அது பாதி வழி இல்ல ஜென். எங்க வீட்டுலேர்ந்து நாலு மைல்.”

“நாலு மைலா?”

“நாலு.”

ஜனெலின் உள்ளங்கையில் வெண்டலின் தட்டு கனத்துக்கொண்டிருந்தது. பிரிட்டா ஒரு சோளக்கதிரை எடுத்து அந்தத் தட்டில் வைத்தாள். யோசித்து, இன்னொன்றும் வைத்தாள்.

“அவனுக்கு ரெண்டு வேணும்,” என்றாள். “ஒண்ணு போதாது.”

அட்டை கிழிந்த கதையை ஜனெலுக்குச் சொன்னது தான்தான் என்பது லவோனுக்கு இப்போதுதான் உறைத்தது. நல்லதுக்கென்று நினைத்துத்தான் சொன்னாள்: உன் தங்கை ரொம்ப மனசு நொந்திருக்கா, பாத்து நடந்துக்க என்று. அவள் சாலட்டை ஓரினின் தட்டில் வைப்பதாக நினைத்து மேஜையில் வைத்தாள்.

“அம்மா,” என்றாள் பிரிட்டா, தாழ்ந்த குரலில். “ஐஸ்கிரீம் எடுக்கப் போகட்டுமா? பட்டாணிப் பைக்கு மேல வச்சிருக்கேன். கீழ வேற ஏதோ இருந்துச்சு.”

லவோன் அவளை உற்றுப் பார்த்தாள். “நீயா?”

“ரெண்டு மூடிய யாரு ஃப்ரீசர்ல வைப்பாங்க? பாத்ததும் புரிஞ்சுபோச்சு. என் பேர எடுத்துட்டு டப்பாவுலேர்ந்து அவன் பேர வச்சேன். கை ஒடிஞ்சது அவனுக்கு. மன்னிப்பு கேக்கறதா இருந்தா அவ அவன்கிட்ட கேக்கட்டும். நீ தப்பான மூடிய வச்சிருந்தம்மா.”

“இருபத்திரண்டு வருஷத்துல ஒரே ஒரு தடவ,” என்றாள் லவோன். “அதுலயும் பிடிபட்டேன்.”

“கோச்சே ஏமாத்தினாங்களா?” ஓரினின் முகம் மலர்ந்ததைப் பார்த்தால், மீதி ஆயுசு முழுக்க அதைச் சொல்லிக்காட்டப் போகிறார் என்பது தெரிந்தது. “இதுக்கு எத்தனாவது விதி?”

“பதினெட்டாவது. இனிமேதான் எழுதணும். மொதல்ல நீ ஜெல்லியிலேர்ந்து கைய எடு.”

சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒன்பதாவது விதிப்படி இப்போது அவிழ்க்கலாம். ஜனெல் முடிச்சில் கை வைக்கவில்லை. வெண்டலின் தட்டை அவன் மடியில் சாயாமல் வைப்பதில் மும்முரமாக இருந்தாள். பிரிட்டா எதிரே உட்கார்ந்து அதை விமரிசித்துக்கொண்டிருந்தாள். வலது பக்கம் கொஞ்சம் தூக்கு, இல்ல, அவ்வளவு இல்ல. கேட்டால் சண்டை மாதிரிதான் இருந்தது. லவோனுக்கு அது போதும்.

தர்பூசணி முடிந்ததும் மேரன் கேட்டாள். “பாட்டி, இந்த வருஷம் கயிறு இல்லையா?”

“தொலைஞ்சு போச்சு.”

“உருளைக்கிழங்குச் சாக்குக்கு அடியில,” என்றாள் பிரிட்டா. “சாக்கு எடுக்கப் போனப்ப பாத்தேன்.”

லவோன் பெருமூச்சு விட்டாள். “வேண்டாம்மா.”

“அவன் ரெண்டு வரைக்கும் எண்ணியிருக்கான். மூணாவது பாக்கிதான இருக்கு?” பிரிட்டா எழுந்தாள். “பாட்டிகிட்ட எழுதி வைக்கச் சொல்லு மேரன், அடுத்த வருஷம் அயோவாத் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் ரெண்டு மூடி கூடுதலா வேணும். அங்க போற தூரம் அவங்க இங்க வரட்டும்.”

கயிறு வந்தது. ஒரு பக்கம் ஓரினும் பிள்ளைகளும், கடைசியில் வெண்டல். இன்னொரு பக்கம் பெரியவர்கள் சிலரோடு ஜனெலும் பிரிட்டாவும், ஒருத்தி முன்னால், ஒருத்தி அவள் முதுகை ஒட்டி. வெண்டல் நிற்கவில்லை. புல்லில் சப்பணமிட்டு உட்கார்ந்து, எழுந்துவிடக் கூடாது என்பது போலப் புட்டத்தை நன்றாகப் பதித்து, கயிற்றை இடது கையில் பிடித்துக்கொண்டான்.

“உக்காந்துக்கிட்டா இழுக்கறது?” என்றான் கிப்.

“உக்காந்தவன் எங்க விழுவான்?” என்றான் வெண்டல்.

லவோன் விசிலை ஊதினாள். கயிறு முறுக்கேறியது. இந்தப் பக்கம் ஓரடி, அந்தப் பக்கம் ஓரடி. முகங்கள் சிவந்தன. ஓரின் வேண்டாத இடத்திலெல்லாம் ஆணையிட்டுக்கொண்டிருந்தார். அப்போது ஜனெல் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். பிரிட்டா அவளைப் பார்த்தாள். சின்ன வயதில், ஜன்னல் கண்ணாடி உடைவதற்கு ஒரு கணம் முன்னால், இரண்டு பேர் முகத்திலும் ஒரே மாதிரி வருமே, அந்தப் பார்வை. லவோனுக்கு அது நன்றாகத் தெரியும். பிரிட்டாவின் உதடு அசைந்தது. ஒண்ணு. ஜனெலின் உதடும். ரெண்டு.

நடுவர் என்ற முறையில் ஆட்டத்தை நிறுத்த வேண்டியது அவள் கடமை. விசில் வாயிலேயே இருந்தது. லவோன் எதிர்ப்பக்கம் திரும்பி, வெண்டல் நன்றாக உட்கார்ந்திருக்கிறானா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டாள். பிறகு விசிலைப் பல்லில் கடித்தபடி, ஊதாமல் நின்றாள்.